குளிர்காற்று வீசிய மறுநாள் ஏரியில் மீன் மிதப்பது ஏன்?

சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் ஊருக்கு, ஒரு மாலை திடீரென்று குளிர்ந்த காற்று வந்தால் அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. பிள்ளைகள் தெருவில் இறங்கி மழையில் ஆடுவார்கள். பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சாரலை வாங்கிக்கொள்வார்கள். அன்று இரவு மின்விசிறி ஓடாவிட்டாலும் தூக்கம் வரும்.

பிரச்னை விடியும்போதுதான். மாடு ஓட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் போனவர் மூச்சிரைக்கத் திரும்பி வருவார். “ஏரியில மீனெல்லாம் செத்து மெதக்குது!” அரை மணி நேரத்தில் கரை முழுக்கக் கூட்டம் கூடிவிடும். அடுத்த அரை மணி நேரத்தில் “எவனோ மருந்து கலந்துட்டான்” என்று பேச்சு கிளம்பும். அதற்குப் பிறகு ஒரு பெயரும் வந்துவிடும். ஏலத்தில் தோற்றவர், வரப்புத் தகராறில் இருப்பவர், பக்கத்துத் தெருக்காரர் என்று யாராவது ஒருவர்.

ஏரியில் விஷம் கலப்பவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கோடை மழைக்கு மறுநாள் காலையில் மீன் மிதந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது முந்தைய நாள் எல்லோரும் ரசித்த அந்தக் குளிர்காற்றைத்தான். எப்படி என்று தெரிந்துகொள்ள, ஒரு மாலையும் ஒரு விடியலும் ஏரிக்கரையில் இருந்து பார்க்க வேண்டும்.

வல்லம் பக்கத்து ஏரிகள்

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே இருக்கிறது வல்லம். மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்று. ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும் ஆறு இந்தப் பக்கத்தில் கிடையாது. விவசாயத்துக்கும் மாட்டுக்கும் மீனுக்கும் ஏரிதான் கதி. கொஞ்சம் தெற்கே போனால், வராக நதி என்கிற சங்கராபரணியும் தொண்டியாறும் சேரும் இடத்தில் வீடூர் அணை இருக்கிறது. 1950-களின் இறுதியில் கட்டப்பட்டது. முழு உயரம் 32 அடி. தமிழக நிலங்களோடு புதுச்சேரி நிலங்களுக்கும் இதிலிருந்து தண்ணீர் போகிறது.

இந்த நீர்நிலைகள் எல்லாம் நிரம்புவது ஐப்பசி, கார்த்திகையில்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, பக்கத்தில் இருக்கும் மயிலத்தில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட ஆண்டில் ஏரிகள் கோடி போகும். ஆனால் எவ்வளவு நிரம்பினாலும், மாசி, பங்குனி தாண்டினால் தண்ணீர் வற்றத் தொடங்கிவிடும். சித்திரையில் பல ஏரிகளில் மதகுப் பக்கம் மட்டும்தான் ஆழம் மிச்சம் இருக்கும். ஏரி முழுக்கப் பரவி இருந்த மீன்கள் எல்லாம் அந்த இடத்தில் வந்து சேரும்.

தூண்டில்காரர்களுக்கு அதுதான் பருவம். பள்ளிக்கூடம் லீவு விட்டிருக்கும். தண்ணீர் குறைவு, மீன் நெருக்கம். புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கங்களில் கண்மாய் வற்றும் இதே பருவத்தில்தான் மீன்பிடித் திருவிழா நடத்துகிறார்கள். வெள்ளை வீசியதும் ஊத்தா, கச்சா, வலையோடு ஊரே தண்ணீரில் இறங்கும்.

ஏரியில் இருக்கும் மீன் எல்லாம் ஏரியிலேயே பிறந்ததும் இல்லை. விரால், குறவை, கெளுத்தி, அயிரை போன்றவை ஊர்க்காரர்கள். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளியில் இருந்து வந்தவை. தேங்கிய நீரில் முட்டையிடாத இந்த மீன்களை ஊசி போட்டு இனப்பெருக்கம் செய்ய வைக்க முடியும் என்று 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் ஹிராலால் சௌத்ரி செய்து காட்டினார். அதன் பிறகுதான் மீன்குஞ்சு வாங்கி ஏரியில் விடுவது நாடு முழுக்கப் பரவியது. இன்றும் ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினம். ஜிலேபி கெண்டை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-ல் இந்தியாவுக்குள் வந்தது.

குஞ்சு விட்டு வளர்க்கும் ஏரியில் பணம் புழங்குகிறது. மீன்பாசி குத்தகை எடுப்பவர் கடன் வாங்கித்தான் பெரும்பாலும் எடுக்கிறார். கோடையில் பிடித்து விற்றால்தான் அந்தக் கடன் அடையும். அதனால்தான் மீன் மிதந்த காலையில் அங்கே அவ்வளவு கோபம்.

காற்று திரும்பும் நேரம்

இப்படி ஒரு மாலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். குத்தகைக்கு விடாத சின்ன ஏரி. கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் அக்கா மகனும் தாய்மாமனும் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூங்கில் குச்சி, நரம்பு, மயில் தோகைத் தண்டில் செய்த தக்கை, கொட்டாங்குச்சியில் மண்புழு. மதியம் முழுக்க ஒரு கடி இல்லை. மேற்கே திருவண்ணாமலைப் பக்கம் வானம் கறுத்து வருகிறது. திடீரென்று காற்று திரும்புகிறது. அதுவும் ஜில்லென்று.

“இன்னா மாமா, சித்திரையில இப்டி குளுருது?”

“எங்கியோ மழ பேஞ்சு காத்து மட்டும் முன்னால வருதுடா. தூண்டில சுருட்டு.”

“இப்பதான் மாமா கடிக்க ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ஒண்ணே ஒண்ணு.”

“கடிக்கும்டா. அதுக்காவ இங்க நிக்கலாமா? மொதல்ல எழுந்திரு.”

மாமா சொன்னது சரி. தொலைவில் பெய்யும் மழை தரையைத் தொடும் முன்பே, வறண்ட சூடான காற்றில் அதன் ஒரு பகுதி ஆவியாகிவிடுகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் குளிர்ந்து கனமான காற்று வேகமாகக் கீழே இறங்கி, தரையில் மோதி, நாலாபுறமும் பரவுகிறது. மழை வருவதற்குப் பத்து இருபது நிமிடம் முன்பாக வந்து கதவை அறைவது இந்தக் காற்றுதான். 38 டிகிரி வெயில் அடித்த ஊரில் கால் மணி நேரத்தில் 10 டிகிரி வரை இறங்குவது உண்டு.

அந்த நேரத்தில் மீன் நன்றாகக் கடிக்கும் என்று பையன் சொல்வதும் பொய் இல்லை. தூண்டில் போடுகிறவர்கள் பலரும் சொல்வதுதான் அது. அதற்குக் காரணங்களும் இருக்கின்றன. மேகம் மூடியதும் வெளிச்சம் குறைகிறது. அலை எழுந்ததும் கரையில் நிற்பவரின் நிழலும் நரம்பும் மீனின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. காற்று மேல் நீரைத் தள்ளும்போது, அதில் மிதக்கும் பூச்சியும் பாசியும் காற்று போகும் திசையில் உள்ள கரையில் வந்து ஒதுங்குகின்றன. இரை வந்த இடத்துக்கு மீனும் வருகிறது. இந்தப் பக்கத்தில் நிலம் கிழக்கு நோக்கிச் சரிவதால், பல ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம்தான். மேற்கே இருந்து வரும் மழைக்காற்று இரையையும் மீனையும் தூண்டில்காரரின் காலடிக்கே கொண்டுவந்து சேர்க்கிறது.

காற்றழுத்தம் குறைவதால்தான் மீன் கடிக்கிறது என்றும் சிலர் சொல்வார்கள். கணக்கு போட்டுப் பார்த்தால் அது அவ்வளவாகப் பொருந்தவில்லை. மழை வரும்போது காற்றழுத்தத்தில் ஏற்படும் மாற்றம், தண்ணீரில் சில சென்டிமீட்டர் மேலே கீழே போவதற்குச் சமம். ஒரு சாண் மேலே நீந்தினாலே மீன் அதைவிடப் பெரிய மாற்றத்தைச் சந்தித்துவிடும்.

ஆக, ஒரு நாளில் மீன் நன்றாகக் கடிக்கும் நேரமும் மின்னல் விழ வாய்ப்புள்ள நேரமும் ஒன்றாகவே வருகின்றன. “இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்ற ஆசைதான் ஆபத்து. இந்தியாவில் ஒவ்வோர் ஆண்டும் மின்னல் தாக்கி 2,500-க்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வயலிலும் வெட்டவெளியிலும் இருந்தவர்கள். மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழும். அதாவது தூறல் கூட விழாத கரையிலும்.

ஏரிக்கரை என்பது சுற்றிலும் உயரமான எதுவும் இல்லாத மேடு. அதில் நிற்கும் ஆள், கையில் நீட்டிய குச்சி, கரையோரப் பனைமரம் இவை மட்டுமே வானத்துக்கு அருகில் இருப்பவை. கடையில் வாங்கும் கார்பன் தூண்டில் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். நனைந்த மூங்கிலையும் நம்ப முடியாது. பனைமரத்தடியில் ஒதுங்குவது எல்லாவற்றையும் விட மோசம்.

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போதே கரையை விட்டு இறங்கி, கான்கிரீட் கட்டடத்துக்கோ மூடிய காருக்கோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகே திரும்பலாம். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி, அருகில் மின்னல் வரும் வாய்ப்பைச் செல்போனிலேயே எச்சரிக்கிறது. தூண்டில் எடுத்துவைக்கும்போது அதையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

கரையில் குளிர், தண்ணீரில் இல்லை

கரையில் நிற்பவருக்கு உடம்பு சிலிர்க்கும் அந்த நேரத்தில் மீனுக்கும் குளிருமா? உடனே குளிராது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க எடுக்க வேண்டிய வெப்பம், 3,000 லிட்டருக்கு மேற்பட்ட காற்றை ஒரு டிகிரி குளிர்விக்கப் போதும். எனவே காற்று 10 டிகிரி குறைந்தாலும், ஏரியின் மேல்பரப்பு மட்டும்தான் முதலில் ஓரிரு டிகிரி இறங்கும்.

ஆனால் பின்னால் வரும் சிக்கலுக்கு அந்த ஓரிரு டிகிரியே போதுமானது.

கோடையில் ஏரித் தண்ணீர் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும். வெயிலில் சூடான நீர் எடை குறைந்து மேலே இருக்கும். அடியில் கொஞ்சம் குளிர்ந்த, கனமான நீர். ஏரியில் இறங்கிக் குளித்தவர்களுக்கு இது தெரியும். தலைக்குச் சுடும், காலுக்குக் குளிரும். காற்றில்லாத வெயில் நாட்களில் இந்த இரண்டும் கலப்பதே இல்லை.

மேல் அடுக்கில் பாசி இருக்கிறது. அது பகலில் ஆக்சிஜனை உண்டாக்குகிறது. காற்றிலிருந்தும் கொஞ்சம் கரைகிறது. அடி அடுக்குக்கு இந்த இரண்டு வழியும் இல்லை. அங்கே இருப்பது மக்கிய இலை, செத்த பாசி, சாணம், சேறு. இவற்றை அழுகவைக்கும் நுண்ணுயிரிகள் அடியில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். அழுகிய முட்டை நாற்றம் உள்ள வாயுவும் அம்மோனியாவும் அங்கே சேர்ந்துகொண்டிருக்கும். மீன்களுக்கு இது தெரியும். அவை மேல் அடுக்கிலேயே காலம் தள்ளும்.

இப்போது குளிர்காற்று வருகிறது. மேல் நீர் குளிர்ந்து கனமாகிறது. குளிர்ந்த மழைநீரும் சேர்ந்து அடிக்கு இறங்குகிறது. காற்று அலையடித்துக் கலக்குகிறது. சில மணி நேரத்தில் அடியில் இருந்த நீர் மேலே வந்துவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாத நீர், அதோடு ஆக்சிஜனைத் தின்னும் சேறும்.

விடியற்காலையின் மூச்சுத்திணறல்

தண்ணீரில் ஆக்சிஜன் எப்போதுமே குறைவு. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில், 20 டிகிரியில் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் காற்றிலிருந்து கரைந்து நிற்கும். வெயில் ஏற ஏற, மீனுக்குத் தேவை கூடுகிறது, இருப்பு குறைகிறது. பொதுவாகக் கெண்டை வகைகளுக்கு ஒரு லிட்டரில் 5 மில்லிகிராம் இருந்தால் நல்லது. 3-க்குக் கீழே போனால் தவிக்கும். ஒன்றை நெருங்கி அப்படியே நீடித்தால் சாகும்.

இரவானதும் பாசி ஆக்சிஜன் தயாரிப்பதை நிறுத்திவிடுகிறது; ஆனால் மீனைப் போலவே அதுவும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. எனவே எல்லா ஏரியிலும் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் விடியலுக்குச் சற்று முன்புதான். சாதாரண நாளில் பகலில் சேர்த்து வைத்த இருப்பு அதுவரை தாங்கும். முந்தைய நாள் மாலையே மேகம் மூடி, அடி நீரும் மேலே வந்து கலந்திருந்தால் தாங்காது.

நாலு, ஐந்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். ஏரி முழுக்க மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். கையால் அள்ளினாலும் ஓடாது. சிலர் அதைப் பார்த்து, மீன் மழைநீரைக் குடிக்கிறது என்று சொல்வார்கள். அது குடிப்பதில்லை. மேல்பரப்பில் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய நீரில் மிச்சம் இருக்கும் ஆக்சிஜனுக்காகத் தவிக்கிறது.

இது வல்லம் பக்கம் மட்டும் நடப்பது இல்லை. ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆற்றில், மெனிண்டி என்ற ஊர் அருகே, 2018 டிசம்பரிலிருந்து 2019 ஜனவரிக்குள் மூன்று முறை மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. அந்த நாட்டுக்கு அது கோடைக்காலம். லட்சக்கணக்கான மீன்கள். அவற்றில் பல பத்தாண்டுகள் வாழ்ந்த பெரிய மர்ரே காட் மீன்களும் இருந்தன. அங்கும் ஆளாளுக்குக் குற்றம் சாட்டினார்கள். ஆய்வு செய்த நிபுணர்கள் சொன்னது இதுதான்: ஆற்றில் ஓட்டம் நின்று தண்ணீர் தேங்கியது, வெயிலில் அடுக்கடுக்காகப் பிரிந்தது, பாசி மண்டியது, பிறகு திடீரென்று குளிர்காற்று வந்து எல்லாவற்றையும் கலக்கிவிட்டது. காற்று கடைசி அடிதான். ஆற்றிலிருந்து அதிகமாகத் தண்ணீர் எடுத்ததும் வறட்சியும் அதற்கு முன்பே வழி போட்டுவிட்டன என்றும் அவர்கள் சொன்னார்கள்.

இந்தியாவிலும் 2016 மார்ச் மாதம் பெங்களூரு அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே நாளில் மிதந்தன. கழிவுநீர் கலந்த தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துபோனதே அங்கும் காரணமாகச் சொல்லப்பட்டது.

விஷமா, மூச்சுத்திணறலா?

மீன் மிதப்பதைப் பார்த்தவுடன் பெயர் தேடுவதற்கு முன், சில விஷயங்களைக் கவனித்தால் பெரிய சண்டையைத் தவிர்க்கலாம்.

முதலில் நேரம். மூச்சுத்திணறலில் சாவு விடியலை ஒட்டி நடக்கும். வெயில் ஏறியதும் நின்றுவிடும். விஷத்துக்கு நேரம் காலம் கிடையாது. பட்டப்பகலிலும் சாகும்.

அடுத்து அளவு. ஆக்சிஜன் குறைந்தால் பெரும்பாலும் பெரிய மீன் முதலில் விழும், சின்னது தாக்குப்பிடிக்கும். விஷம் என்றால் சின்னக் குஞ்சுகளே முதலில் சாகும்.

மூன்றாவது, எந்த மீன்? கட்லா போன்ற கெண்டைகள் ஆக்சிஜன் குறைவைத் தாங்காது. விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை போன்றவை மேலே வந்து காற்றையே நேரடியாகச் சுவாசிக்கக் கூடியவை. கட்லா மிதக்க, விரால் உயிரோடு சுற்றினால் அது மூச்சுத்திணறலின் அடையாளம். விராலும் செத்து, தவளையும் தண்ணீர்ப் பாம்பும் நீர்ப்பூச்சியும் சேர்ந்து செத்துக் கிடந்தால் விஷத்தைச் சந்தேகிக்கலாம்.

நான்காவது, தண்ணீரின் நிறமும் வாசனையும். நேற்றுவரை பச்சையாக இருந்த நீர் ஒரே இரவில் பழுப்பாகவோ சாம்பலாகவோ மாறி, சேற்று நாற்றம் அடித்தால் அடி நீர் மேலே வந்திருக்கிறது என்று பொருள்.

இதில் எந்த ஓர் அடையாளத்தையும் தனியாக வைத்து முடிவு செய்யக் கூடாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. கோடையின் முதல் மழை, வயலில் அடித்த பூச்சிமருந்தையும் தெருச் சாக்கடையையும் ஏரிக்குள் கொண்டுவந்து சேர்க்கும். அப்போது உண்மையிலேயே மருந்தால் மீன் செத்திருக்கலாம். ஆனால் அதை யாரும் வேண்டுமென்று கலந்திருக்க மாட்டார்கள். வேண்டுமென்றே விஷம் கலந்து மீனைக் கொல்வது 1897-ம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட குற்றச்சாட்டை ஒருவர் மேல் சுமத்துவதற்கு முன் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

அந்த ஆதாரம் சீக்கிரமே கலைந்துபோகும் என்பதுதான் சங்கடம். விடிந்த பிறகு பாசி மறுபடி ஆக்சிஜன் தயாரிக்கும். மதியம் அதிகாரி வந்து தண்ணீரைச் சோதிக்கும்போது ஆக்சிஜன் ஓரளவு தேறியிருக்கும். “தண்ணி நல்லாத்தான் இருக்கு, அப்ப மருந்துதான்” என்று முடிவுகட்டிவிடுவார்கள். அதனால் முதலில் பார்த்தவர் அப்போதே செல்போனில் நேரத்தோடு படம் எடுப்பது நல்லது. மேலே வந்து வாயைத் திறக்கும் மீனை வீடியோ எடுங்கள். எந்தெந்த மீன், எவ்வளவு பெரியது என்று குறித்துக்கொள்ளுங்கள். சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரை நிரப்பி மூடி வைத்து, மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

காப்பாற்ற முடியுமா? சாப்பிடலாமா?

மீன் தவிக்கத் தொடங்கிய நேரத்தில் கவனித்துவிட்டால் கொஞ்சமாவது காப்பாற்றலாம். டீசல் மோட்டார் வைத்து ஏரித் தண்ணீரையே எடுத்து, உயரத்திலிருந்து மறுபடி ஏரியிலேயே சிதறி விழும்படி விட வேண்டும். காற்றில் சிதறும் ஒவ்வொரு துளியும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறங்கும். பெரிய ஏரி முழுவதையும் இப்படிச் சரிசெய்ய முடியாது. ஆனால் ஒரு மூலையில் நல்ல நீர் இருந்தால் மீன்கள் அங்கே வந்து ஒண்டிக்கொள்ளும். வெயில் ஏறும்வரை அதைத் தாங்கிப் பிடித்தால் போதும். அன்று தவிடு, புண்ணாக்கு, சாணம் எதையும் போடக் கூடாது. செத்த மீனை உடனே அள்ளிப் புதைக்க வேண்டும். அப்படியே விட்டால் அது அழுகி மறுநாள் ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

வராமல் தடுக்க நினைப்பவர்கள் பங்குனியிலேயே தொடங்க வேண்டும். தண்ணீர் குறையும் அளவுக்கு மீனையும் பிடித்துக் குறைத்துவிட வேண்டும். கோழி எச்சத்தையும் சாணத்தையும் அளவுக்கு மேல் கொட்டினால் பாசி மண்டும். பச்சைப் பெயின்ட் போலத் தண்ணீர் மாறினாலே எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். வானிலை அறிக்கையில் இடி மழை என்று வந்தால், மோட்டாரையும் டீசலையும் முந்தைய மாலையே தயாராக வைப்பது புத்திசாலித்தனம்.

மிதக்கும் மீனை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்பது சமையலறைக் கேள்வி. மூச்சுத்திணறல்தான் காரணம் என்று நன்றாகத் தெரிந்து, கண் முன்னே உயிரோடு பிடித்த மீன் என்றால் பயமில்லை. செத்துக் கிடந்ததை எடுக்கவே கூடாது. எப்போது செத்தது என்று தெரியாது. இந்த வெயிலில் மீன் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். காரணம் விஷமாக இருந்தால் மசாலாவில் ஊறவைத்தாலும் வறுத்தாலும் அது போகாது. காரணம் உறுதியாகத் தெரியும்வரை உயிரோடு இருப்பதையும் தொடாமல் இருப்பதே நல்லது. அன்று சந்தையில் விலை மலிவாக ஏரி மீன் வந்தால், செவுளைத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் தெளிவாக, சதை அழுத்தினால் திரும்ப எழும்ப வேண்டும். இல்லையென்றால் மலிவுக்காக வாங்க வேண்டாம்.

மீன் போனால் குத்தகைக்காரருக்கு ஓர் ஆண்டு வருமானம் போகிறது. அது சின்ன இழப்பு இல்லை. ஆனால் அடுத்த கார்த்திகையில் ஏரி நிரம்பும், குஞ்சு விடலாம், மறுபடி வளரும். ஒரு காலைக் கோபத்தில் பெயர் சொல்லிப் பிரிந்த இரண்டு குடும்பங்கள் அப்படி ஒரு மழையில் சேர்ந்துவிடுவதில்லை. அதனால் யார் பெயரையும் சொல்வதற்கு முன், கரையிலிருந்து இறங்கிப் போய், தண்ணீரில் விரால் உயிரோடு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.